புதன்கிழமை வண்டி

பிள்ளைகளே, உங்கள் அப்பா பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் தொண்ணூறுகளில் நான் ஓட்டியது அடையாறில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் வேன். அதில் வந்துபோன விஞ்ஞானிகளில் ஒரு பெண்ணுக்காக ஒரு வருடம் முழுக்க என் மனது நிலைகொள்ளாமல் தவித்தது. அதை உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் டாக்டர் பட்டம் கிடைத்திருந்தது. மார்பகப் புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சி. முதன்முதலாகத் தன் பொறுப்பில் ஒரு வேலை, அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும். வருட முடிவில் ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும். காட்டுவதற்கு ஏதாவது இருந்தால் வேலை நீளும். இல்லாவிட்டால் தி.நகரில் அவருடைய அப்பா நடத்திய ஜவுளிக்கடையில் கல்லாவில் போய் உட்கார வேண்டியதுதான். அப்பா அந்த நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார்.

நோய் வந்த பெண்களின் ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து முன்பே வந்துவிட்டது. நோய் இல்லாத பெண்களின் ரத்தமும் வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது நோயால் வந்த மாற்றம் என்று தெரியும் என்றார் என்னிடம். எடுத்த ரத்தத்தை அன்றைக்கே சுற்றிப் பிரிக்கும் மெஷினில் போட வேண்டும். இருந்தது ஒரே மெஷின். அதைப் பெரிய விஞ்ஞானி ஒருவர் தன் வேலைக்குப் பிடித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று இந்தப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

ஆள் சேர்ப்பது உங்கள் அம்மாவின் பொறுப்பு. மயிலாப்பூரில் எங்கள் சந்தில் அவள் சொன்னால் பெண்கள் கேட்பார்கள்.

"மாருல கட்டி வந்தா எவளும் வாயத் தொறக்க மாட்டா. அந்தப் பொண்ணு இதுக்குத்தான் மண்டைய ஒடச்சிக்கினு கீது. ஒரு ஊசிதானே" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஒருத்தி வீட்டுக்கு மாமியார் வந்துவிட்டாராம். ஒருத்தி தண்ணி லாரிக்குக் காத்திருக்கிறாளாம். உங்கள் அம்மாவே ஈரத் தலையோடு எட்டிப் பார்த்து, "எண்ணெ தேச்சி முழுகிட்டேன், இன்னிக்கி ஊசி வாணாம்" என்றாள். அடுத்த வெள்ளி பூக்காரம்மா ஏறி உட்கார்ந்தார். மந்தைவெளி தாண்டுவதற்குள், "நிறுத்து நைனா, பூ வாடிப்பூடும்" என்று இறங்கிவிட்டார்.

காலி வண்டியோடு உள்ளே நுழைந்தால் அந்தப் பெண் கேட் அருகே அங்குமிங்கும் நடந்துகொண்டிருப்பார். துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கும்.

"ஒருத்தர்கூடவாண்ணே வரல?"

"வந்துடுவாங்கம்மா."

"என் மேல நம்பிக்கை இல்லையோ என்னமோ."

வாங்கிய டீயை அப்படியே வைத்துவிடுவேன். வண்டியில் உட்காரவும் முடியாது. குழு கூடும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவர் பெரியவரிடமே போய் வேறு நாள் கேட்டார். திரும்பி வரும்போது முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். "செவ்வாய்க்கிழமையும் மெஷின் சும்மாத்தான் இருக்காம். அதையும் எடுத்துக்கச் சொல்லிட்டாருண்ணே."

நான் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். உங்கள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா ஆளுய்யா நீ. வெள்ளி போயி இப்ப செவ்வாயா?"

"இன்னாத்துக்குச் சிரிக்கிற?"

"வெள்ளிக்கெழம ஒருத்தி வந்து ஒரு பிடி உப்பு கேட்டா குடுப்பனா? ஊட்டு லட்சுமி வெளிய பூடும்னு உப்பையே குடுக்காதவ ரத்தத்தக் குடுப்பாளா? செவ்வாயும் அதே கததான்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நல்ல காரியத்துக்குக் கூப்புட்ற. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்டி சொல்றது? நீயே புரிஞ்சிக்கினு வேற நாள் சொல்லுவேன்னு பாத்தா..."

மறுநாள் காலை தி.நகரில் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, நந்தனம் சிக்னலில் வண்டி நின்றபோது அதைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க கடையிலயே வெள்ளிக்கெழம யாராவது கடன் கேட்டு வந்தா எங்கப்பா மோர் குடுத்து அனுப்பிருவாரு. எனக்கு எப்படிண்ணே இது தோணாமப் போச்சு?"

கோட்டூர்புரம் பாலத்தில் ஏறியதும் சட்டென்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"அண்ணே, அந்த மெஷின் ஏன் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சும்மா கெடக்கு?"

வண்டி நின்றதும் நேராக மாடிக்குப் போனார். பெரியவருக்கு வந்திருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். பெரியவரிடம் அதே கேள்வியைத்தான் கேட்டார். மயிலாப்பூர்க்காரரான அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"எங்காத்துல செவ்வாய், வெள்ளி புதுசா எதையும் ஆரம்பிக்கறதில்லை. அதே பழக்கம் இங்கயும் வந்துடுத்து போலருக்கு. நானும் இத்தனை வருஷமா யோசிக்கலை, பாரு."

"எனக்கு ரத்தம் குடுக்கறவங்களும் அப்படித்தான் சார்."

அவர் மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். எனக்குப் பெட்டி கனத்தது.

"புதன்கிழமை நீ எடுத்துக்கோ. வெள்ளியில நான் ஆரம்பிச்சுக்கறேன்."

"உங்க வீட்ல ஏதும் சொல்ல மாட்டாங்களா சார்?"

"ஆத்துல எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

அடுத்த புதன்கிழமை வண்டியில் இடம் போதவில்லை. பூக்காரம்மா கூடையோடு ஏறினார். ஆராய்ச்சிக்கூடத்தில் முதலில் கையை நீட்டியது உங்கள் அம்மாதான். "கொஞ்சமா எடு கண்ணு, சாயங்காலம் கொடம் தூக்கணும்" என்றாள். அந்தப் பெண் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளிலும் வண்டி நிறைந்தே போனது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குப் படிப்பு கையில் இருக்கும், தங்களுக்கென்று ஒரு நாள் இருக்காது. யாராவது நகர்ந்து உட்கார்ந்து அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

குழு கூடிய நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டது. அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவர் உள்ளே போனதும் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன். மரத்தடியில் நின்று பார்த்தேன், கேட் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

மத்தியானம் அவர் படியிறங்கி வந்தார். துப்பட்டாவை விரலில் சுற்றவில்லை.

"புதன்கிழமை வண்டி வேணும்ணே."

"நாளைக்குத்தானேம்மா புதன்?"

"நாளைக்கும் வேணும். அடுத்த வருசம் பூரா வேணும்" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்குப் போன் பண்ண எதிர்க்கடைக்கு ஓடினார்.