உப்புக்குப் பழக்கியவள்

தேவாலாவில் மழை பிடித்தால் லேசில் விடாது. முப்பத்தைந்து வருடம் அந்த மழையில் நனைந்தும் ஞானசுந்தரிக்கு அது பிடிக்கவில்லை. பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில். முன்னால் கடல், பின்னால் உப்பங்கழி, நடுவில் நாற்பதே வீடு. எஸ்டேட் டிரைவர் லியோவுக்குக் கழுத்தை நீட்டி மலையேறினாள். லியோ போய் எட்டு வருடமாகிறது. பிள்ளை இல்லை. அவன் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறான், இவள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் படுத்திருக்கிறாள்; இரண்டு பேருக்குமே பேச்சுத்துணை கிடையாது.

வேலை, தேயிலை நர்சரியில். இன்னும் இரண்டு வருடம் போனால், ஏப்ரலில் ஐம்பத்தெட்டு முடிகிறது. ரிட்டையர் ஆனால் லைன் வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். போக்கிடம் என்று இருப்பது ஊரில் அப்பா கட்டிய ஓட்டு வீடு ஒன்றுதான். அவளுக்கும் அண்ணன் செல்லதுரைக்கும் பொது. அண்ணன் வேறு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதால், கழி ஓரத்து மேட்டில் அது பூட்டிக்கிடக்கிறது. அங்கே போய்விடலாம் என்கிற நினைப்பிலேயே எட்டு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

இதை அண்ணனிடம் சொன்னாளா என்றால், இல்லை. வீம்பு பிடித்தவள்! ஊருக்குப் போகும்போதெல்லாம், “கம்பெனியே ஊடு குடுத்திருக்குதுங்க, சாகற வரைக்கும் நம்மள யாரும் அசைக்க முடியாது” என்று பீற்றிவிட்டு வருவாள். எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் ஊரே நிலைக்குமா என்பது சந்தேகமாகிவிட்டது. முன்பு எப்போதோ ஒரு புயல் வரும்; இப்போது வருடம் தப்புவதில்லை. புயலே இல்லாத பௌர்ணமிக்கும் கழி பொங்கி அடுப்படிக்குள் வருகிறது. கழி ஓரமெல்லாம் கண்டல் மரம் வளர்த்தால் தண்ணீரின் வேகம் தணியும், மண் நிற்கும் என்று ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் நின்று வளரும் மரம் அது. ஒரு காலத்தில் காடாக நின்றதை விறகுக்கு வெட்டித் தீர்த்ததே இந்த ஊர்க்காரர்கள்தான், அதை யாரிடம் போய்ச் சொல்ல! விதை வந்து இறங்கியது. நாற்று வளர்க்கும் பொறுப்பு செல்லதுரை தலையில் விழுந்தது. வலை வீசத் தெரிந்த மனுஷனுக்கு நாற்றுப் பையைப் பற்றி என்ன தெரியும்? தங்கைக்குப் போன் போட்டார்.

“ஏளா சுந்தரி, நீ அங்க லட்சக்கணக்குல தேயிலைக் கன்னு வளக்கியே. எனக்கு ஒரு எழவும் புரியல. கொஞ்சம் சொல்லித்தா.”

இத்தனை வருடத்தில் அண்ணன் அவளிடம் ஒன்று கேட்டது அன்றுதான். சுந்தரிக்குத் தலைகால் புரியவில்லை. “மொதல்ல பந்தல் போடுங்கண்ணே. வெயில் படவே கூடாது. நல்ல தண்ணியா காலைல ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா ஊத்துங்க.”

“என்னளா, ‘ங்க’ போட்டுப் பேசுத! கோயம்புத்தூர்க்காரி ஆயிட்டியோ?”

அதன் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மாதா கோயில் படியில் உட்கார்ந்துவிடுவாள். லைனில் சிக்னல் இருக்காது, அங்கேதான் கிடைக்கும். எத்தனை இலை விட்டது, எது வாடியது என்று அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த அரை மணி நேரப் பேச்சுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எழுந்து வேலைக்குப் போனாள். நாலாம் மாதம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ரெண்டாயிரம் நாற்று, பச்சைப்பசேலென்று. பக்கத்து வீட்டுச் சின்னம்மையிடம் அதை எத்தனை முறை காட்டினாள் என்பதற்குக் கணக்கில்லை.

கழியில் நட்டார்கள். பத்தே நாளில் அண்ணன் கூப்பிட்டார்.

“செத்துட்டுளா. ரெண்டாயிரமும் கருகிட்டு. தேயிலைக்காரி பேச்சக் கேட்டேன்னு ஊரே காறித் துப்புது. இனிமே நீ ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம்.”

போன் கட்டாகிவிட்டது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் படியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்வதற்குக்கூட ஆளில்லாத அழுகை அது.

நர்சரியில் அது பந்தல் பிரிக்கிற பருவம். நிழலிலேயே வளர்ந்த தேயிலைக் கன்றைத் தோட்டத்தில் நடுவதற்கு முன் வாரத்துக்குக் கொஞ்சமாக நிழலைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்க வேண்டும். சூப்பர்வைசர் தினகரன் வழக்கம்போலக் கத்தினார். “ஏனுங்க, ஒரே நாள்ல மொத்தமாப் பிரிச்சுப் போடாதீங்க! கன்னு பட்டுப்போயிருமுங்க!”

சுந்தரியின் கை அப்படியே நின்றுவிட்டது. அட மடச்சி! வருடா வருடம் செய்கிற வேலை. இதை எப்படி மறந்தாள்? தேயிலைக்கு வெயில் என்றால் கண்டலுக்கு உப்பு. நல்ல தண்ணீரையே குடித்து வளர்ந்ததைக் கொண்டுபோய் ஒரே நாளில் உப்பில் நிறுத்த வைத்துவிட்டாள். உப்புக் காற்றில் பிறந்தவளுக்கு உப்பு ஞாபகத்தில் இல்லாமல் போய்விட்டதே என்று அவளுக்கே அவமானமாக இருந்தது.

அரை நாள் லீவு போட்டுக் கோயில் படிக்கு ஓடினாள். நாலாவது முறை கூப்பிட்டபோதுதான் செல்லதுரை எடுத்தார்.

“தப்பு என்னுதுதாங்கண்ணே. திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க, இப்பக் கேளுங்க. முதல் மாசம் மட்டும் நல்ல தண்ணி. அப்புறம் பத்துக் குடத்துல ஒரு குடம் கழித்தண்ணி. வாராவாரம் ஒரு குடம் கூட்டுங்க. பந்தலையும் கொஞ்சங்கொஞ்சமாப் பிரிங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் புது விதை வாங்கி அப்படியே செய்தார். மறுவருடம் நட்டதில் தண்ணீர் ஓரத்து நாற்றெல்லாம் வேர் பிடித்துத் துளிர்த்தது. ஞாயிற்றுக்கிழமை போனும் திரும்ப வந்தது. சுந்தரி லைன் வீட்டில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

ரிட்டையர் ஆக இரண்டே மாதம் இருக்கையில், பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அண்ணன் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“தண்ணி ஏறுத எடத்துல மட்டுந்தாம்ளா செடி நிக்கி. மேல நட்டதெல்லாம் காயுது. கழித்தண்ணி உள்ள வந்து போக ஒரு வாய்க்கால் வெட்டணுமாம். அளந்து பாத்தாச்சு. வேற பக்கம் பாறை. நம்ம அப்பா ஊட்டு மேட்ட வெட்டினாத்தான் முடியும். ஊடு நிக்காது. பாதி உன் பங்கு, நீ வேண்டாம்னா வேண்டாம்னு ஊர்க் கமிட்டில சொல்லிருதேன்.”

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு தப்பிவிடும். கண்டல் பாதியோடு நிற்கும். அடுத்த புயலுக்கு நாற்பது வீட்டிலும் தண்ணீர் ஏறும், அண்ணன் வீடு உட்பட.

“செடி பொழைச்சுக்குமாங்கண்ணே?”

“தண்ணி போனா பொழைச்சிரும்.”

“அப்ப வெட்டுங்க.”

செல்லதுரை பெருமூச்சு விட்டார். “பெரிய மனசுளா ஒனக்கு. எப்படிக் கேக்கன்னு ரெண்டு நாளாத் தூங்கல. நல்லவேளை, ஒனக்கு அங்க கம்பெனி ஊடு இருக்கு. இல்லேன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்.”

“ஆமாங்கண்ணே, இருக்குதுங்க” என்றாள்.

அன்று சாயங்காலம் சின்னம்மை வீட்டுக்குப் போய், பந்தலூர் பக்கம் வாடகைக்கு ஒற்றை அறை ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தாள்.