மஞ்சள் பட்டி கட்டியவர்கள் இந்தப் பக்கம்

வரிசையில் நிற்கிறவருக்குக் கால் மட்டும்தான் நோகும். வரிசை பார்க்கிறவளுக்கு வாயும் சேர்ந்து நோகும்.

நீங்களும் நின்றிருப்பீர்கள். பாணுக்கு, காஸுக்கு, பெற்றோலுக்கு, கடவுச்சீட்டுக்கு என்று வாழ்நாளில் ஒரு பங்கை யாரோ ஒருவருடைய முதுகைப் பார்த்தபடி கழித்தவர்கள்தானே நாங்கள் எல்லாரும். அப்படி நிற்கும்போது பக்கத்தால் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து முன்னுக்குப் போனால் வயிறு எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் சொல்லப் போவது அந்த ஆளை முன்னுக்கு விடுகிற வேலையைப் பற்றி.

குடாநாட்டில், கடல்நீரேரி ஓரமாக ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா. அங்கே மூன்று மாடி உயரத்தில் ஒரு பெரிய சறுக்கு. அதன் படிக்கட்டு வாசலில் கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். இடது பக்கம் சாதாரண வரிசை. வலது பக்கம், கூடக் காசு கொடுத்து மணிக்கட்டில் மஞ்சள் ரப்பர் பட்டி போட்டுக்கொண்டு வந்தவர்களின் வரிசை. இடது பக்கம் ஆறு பேர் ஏறினால் வலது பக்கம் இரண்டு பேர் என்பது சட்டம். மஞ்சள் வரிசை எப்போதும் குட்டையாக இருப்பதால் அவர்கள் கெதியாக ஏறிவிடுவார்கள். ஆனால் கெதியாக என்றால் உடனே என்று அர்த்தம் இல்லை. அங்கேதான் சண்டை தொடங்கும்.

என்னை ஆறு மாதத்துக்குப் பார்க்கலாம் என்றுதான் முகாமையாளர் வேலைக்கு எடுத்தார். ஓகஸ்ட் முடிய, பூங்கா வாசலில் தொங்குகிற முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து முழுவதும் வாசித்துவிட்டு, நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வாராம். எனக்கு நாற்பத்தொரு வயது. கடையில், பாலர் பாடசாலையில், தபாற் கந்தோரில் என்று இதுவரை நான் பார்த்தது எல்லாம் தற்காலிக வேலை. எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கண்ணாடிச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டுகிற அளவுக்கு வேண்டும்.

எந்த ஊர், பிள்ளை?

எங்கள் ஆட்கள் வரிசையைத் தாண்டுவதற்கு முதலில் கையை நீட்டுவதில்லை, கேள்வியைத்தான் நீட்டுவார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். உரும்பிராய் என்பேன். உரும்பிராயில் எவடம் என்பார்கள். அதையும் சொன்னால் அடுத்தது ஆற்றை மகள், யாருடைய மகள், என்று வரும். நாலாவது கேள்விக்கு நான் அவருக்கு ஒன்றுவிட்ட மருமகளாகிவிடுவேன். மருமகளிடம் மாமா வரிசையில் நிற்பாரா? ஒரே காலையில் எனக்கு மூன்று மாமாவும் ஒரு சின்னம்மாவும் புதிதாகக் கிடைத்த நாளும் உண்டு.

அதனால் ஊரை மாற்றினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அளவெட்டி என்று சொன்னேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர், பேரப்பிள்ளைகளோடு சாதாரண வரிசையில் நின்றபடியே, அளவெட்டியில் எவடம் என்று மெதுவாகக் கேட்டார். கோயிலடி என்றேன். எந்தக் கோயில் என்றார். அங்கே கோயிலுக்கா பஞ்சம், வாயில் வந்த சாமியின் பெயரைச் சொன்னேன். அவர் தவில்காரர் என்பது அவருடைய விரல்களில் இருந்த காய்ப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. முன்னுக்கு விடச் சொல்லி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் முறை வந்ததும் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னார்:

“அளவெட்டியிலை நான் வாசிக்காத கலியாணவீடு இல்லை, பிள்ளை. உம்மை ஒரு பந்தியிலையும் காணேல்லையே.”

முதலாவதாக வந்த செருப்பு

சறுக்குத் திறப்பது பத்து மணிக்கு. ஆட்கள் ஒன்பதரைக்கே வந்துவிடுவார்கள். வெயிலில் நிற்க மாட்டார்கள். செருப்பை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமரத்துக்குக் கீழே போய் இருப்பார்கள். பெற்றோல் வரிசைக் காலத்தில் படித்த பாடம். செருப்பு நிற்கிற இடம் ஆள் நிற்கிற இடம். அதை ஒருவரும் தள்ளி வைக்க மாட்டார்கள், மிதிக்கவும் மாட்டார்கள். பக்கத்து வீட்டு வேலியை இரவோடு இரவாக நகர்த்துகிறவர் கூட இன்னொருவருடைய செருப்பை வரிசையில் நகர்த்த மாட்டார்.

ஒரு சனிக்கிழமை பத்து மணிக்குக் கயிற்றை எடுத்து, முதல் ஆறு பேரும் வாருங்கள் என்றேன். எல்லாரும் வந்து அவரவர் செருப்புக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் அசையவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னுக்கு ஒரு நீலச் செருப்பு, அதற்குப் பின்னால் ஆள் இல்லை. அந்த ஆள் வரட்டும் என்றார்கள். மஞ்சள் வரிசையில் நின்ற சுவிஸ் குடும்பம், ஆள் இல்லாவிட்டால் அடுத்தவர் ஏறினால் என்ன என்று கேட்டது. அதெப்படி, முதல் வந்தவரை விட்டுவிட்டு ஏறுவது என்று இடது பக்கம் முழுவதும் ஒரே குரலில் நின்றது. கழிவறைப் பக்கம் ஆள் அனுப்பித் தேடினார்கள். ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். பத்து நிமிடம் போனது. அதற்குப் பிறகுதான் நான் குனிந்து வடிவாகப் பார்த்தேன்.

அது என் செருப்பு. படி ஈரம் என்று காலையில் கழற்றி விட்டது. முதலில் வந்தவர் அதை யாரோ இடம் பிடித்து வைத்ததாக நினைத்து, தன்னுடையதைப் பின்னால் வைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நாற்பது சோடி. எனக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், இது என்னுடையது என்று எடுக்கப் போனேன். இரண்டாவதாக நின்றவர் மானிப்பாயிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவராம். கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

“உம்மடை செருப்பெண்டாலும் அதுதான் முதல் வந்தது, பிள்ளை. நீர் ஒருக்காச் சறுக்கிப்போட்டு வாரும், அதுக்குப் பிறகு நாங்கள் போறம்.”

தங்கூசி

சறுக்கினேன். சீருடையோடு, தொப்பியோடு, நாற்பது பேர் கைதட்ட. கீழே தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியபோது கரையில் முகாமையாளர் நின்றார். வேலை செய்கிறவர்கள் சறுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். நானே சொல்லிக் கேட்டபோது எனக்கே அதை நம்ப முடியவில்லை. அவர் ஒரு கடதாசியில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அதுதான் பயமாக இருந்தது.

முறைப்பாட்டுப் புத்தகத்திலும் நிலைமை சரியில்லை. இடது பக்கம் ஆறு பேரை விட்டால், அந்த ஆறு பேரும் இவளின் ஊராட்கள் என்று வலது பக்கத்தார் எழுதினார்கள். வலது பக்கம் இரண்டு பேரை விட்டால் அதையே இடது பக்கத்தார் எழுதினார்கள். எனக்கு இத்தனை சொந்தம் இருந்திருந்தால் என் கலியாணத்துக்கு ஏன் பாதிப் பந்தி காலியாகக் கிடந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் வடகரையிலிருந்து ஐந்து சகோதரர்கள் வந்தார்கள். கடல் தொழில். ஐந்து பேருக்கும் மஞ்சள் பட்டி ஒன்றே ஒன்று. மூத்தவர் பட்டியோடு ஏறினார். கொஞ்ச நேரத்தில் இரண்டாமவர் பட்டியோடு வந்தார். பிறகு மூன்றாமவர். எல்லார் கையிலும் அதே பட்டிதான், அதில் ஒரு பல்லுக்கடித் தழும்பு இருந்தது. எப்படிக் கீழே வருகிறது என்று எனக்குத் தலை சுற்றியது. நாலாவது முறை என் மூக்குக்கு நேரே பளிச்சென்று ஏதோ இறங்கியது. மேல் மாடியிலிருந்து மீன் தூண்டில் கட்டுகிற தங்கூசி நூல், நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே மஞ்சள் பட்டி. எட்டிப் பிடித்தேன். கீழே கை நீட்டிக்கொண்டு நின்ற தம்பிக்காரர் கொஞ்சமும் கூசவில்லை, என் கையைத்தான் கவலையோடு பார்த்தார்:

“அக்கா, இறுக்கிப் பிடியாதையுங்கோ. மேலை நிக்கிற அண்ணை மீன் பட்டிட்டுது எண்டு இழுக்கப்போறார்.”

தாண்டிப் போக ஆள் தேவை

மழை தூறிய ஒரு செவ்வாய்க்கிழமை பூங்காவில் ஈ கூட இல்லை. லண்டனிலிருந்து வந்த ஒருவர் மட்டும் மஞ்சள் பட்டியோடு வந்தார். கயிற்றைத் தூக்கி உடனே விட்டேன். சறுக்கிவிட்டு மறுபடி வந்தார், மறுபடி விட்டேன். நாலாம் தரம் வந்தபோது முகம் கறுத்திருந்தது. சும்மா ஏறுவதற்கா தான் கூடக் காசு கொடுத்தது என்று கேட்டார். விரைவாகத்தானே ஐயா ஏறினீர்கள் என்றேன். விரைவு என்றால் இன்னொருவரை விட விரைவு என்று எனக்கு விளக்கம் சொன்னார். அதில் பிழையும் இல்லை. பிறகு வெறுமையாகக் கிடந்த இடது பக்கத்தைக் காட்டினார்:

“ஆரையாவது கொஞ்சப்பேரைப் பிடிச்சு உதிலை நிப்பாட்டுங்கோ, நான் ஒருக்காத் தாண்டிப் போக.”

அண்ணை வந்தார்

நல்லூர்த் தேர் முடிந்த பின் வந்த ஞாயிற்றுக்கிழமை. ஓகஸ்ட் முடிய இரண்டு நாள் இருந்தது. இடது பக்கம் வேப்பமரத்தையும் தாண்டி வரிசை. அப்போதுதான் என் கூடப்பிறந்த அண்ணை வந்தார். கனடாவிலிருந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறார். அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் பின்னால். கையில் பட்டி இல்லை. என் தங்கச்சி நிற்கிற இடத்தில் எனக்கு என்ன பட்டி என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே கயிற்றடிக்கு வந்து, கயிற்றைத் தானே தூக்கினார்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அண்ணை, பின்னுக்குப் போய் நில்லுங்கோ என்று மெதுவாகச் சொன்னேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பகிடி இல்லை என்று தெரிந்ததும் அவருடைய முகம் மாறியது. வரிசை முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்: “நீ படிக்கிற விளக்குக்கு மண்ணெண்ணெய் எடுக்க நான் எத்தினை நாள் வரிசையிலை நிண்டனான்? மறந்திட்டியே?”

மறக்கவில்லை. விடிய எழும்பி, போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போவது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அவர் நின்றதால்தான் நான் நாலு எழுத்துப் படித்தேன். கயிற்றை விட்டுவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. ஆனால் முன்னுக்கு நின்ற பெண்ணின் இடுப்பில் குழந்தை நித்திரையாகிக் கிடந்தது, அவளும் ஒரு மணித்தியாலமாக நிற்கிறாள். நான் கேட்டேன்: “அப்ப ஆராவது உங்களுக்கு முன்னாலை பூந்தால் நீங்கள் சும்மா விட்டனீங்களே, அண்ணை?” அவர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். அவர் அந்த நாளில் அதற்காக ஒருவருடைய சட்டையைக் கிழித்தவர் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

திரும்பிப் போய்க் கடைசியில் நின்றார். ஒன்றேகால் மணித்தியாலம். முறை வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் ஏறினார், சறுக்கினார், தலை துவட்டாமல் நேரே வாசலுக்குப் போய்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினார். அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போய் அழுதேன். வேலைக்காக அல்ல.

மாதம் முடிய முகாமையாளர் கூப்பிட்டார். அண்ணையின் பக்கத்தை விரித்து வைத்து, கூடப்பிறந்த அண்ணனைக் கூட வெயிலில் நிறுத்திய இரக்கமில்லாத பெண் என்று வாசித்துக் காட்டி, இது உண்மையா என்றார். உண்மை என்றேன். சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவர் அந்தத் தொப்பியின் மேலேயே ஒரு கடித உறையை வைத்தார்.

“ஊராக்களை விடுறீர் எண்டு பதினேழு பேர் எழுதியிருக்கினம். உம்மடை அண்ணை ஒருத்தர்தான் உமக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறார்.”

கடிதம் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் முன் அறையில் தொங்குகிறது. அண்ணை என்னோடு கதைப்பதற்கு மட்டும் நான் இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன், அதுவும் பட்டி இல்லாத பக்கம்.