டயர் கட்டிய சைக்கிள்

எங்கள் குப்பத்தில் எந்தச் சைக்கிளுக்கும் பிரேக் கிடையாது. வாங்கும்போது இருக்கும். கடலோர உப்புக் காற்று மூன்றே மாதத்தில் கம்பியைத் தின்றுவிடும், கட்டை கழன்று விழும், அதன்பிறகு யாரும் அதைத் திரும்ப மாட்டுவதில்லை. தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. ஊர் முழுக்க மணல். மிதிப்பதை நிறுத்தினால் நாலடியில் சைக்கிள் தானாக நின்றுவிடும். நிற்காமல் ஓட்டுவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. இப்படிப்பட்ட ஊருக்கு, பழவேற்காட்டுக்குப் போய்வர ஏரிக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டிக் கொடுத்தார்கள். அடியில் படகுகள் போக வேண்டும் என்று நடுவில் நன்றாக உயர்த்தியும் கட்டினார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது என்ன ஆகும் என்பதை ஊருக்குக் காட்டியவர் என் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. எதையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு முழுசாகச் செய்கிறவர். ஒருநாள் பழவேற்காட்டிலிருந்து பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாலத்தின் உச்சிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், இறக்கத்தைக் கண்டதும் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாதிவரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாராம். மீதிப் பாதியில் பாட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது. குப்பத்துப் பக்கத்துப் பாலத்தடியில் ஷேர் ஆட்டோவுக்காக மீன்கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து ஓடினார்கள். கூடைகள் ஓடவில்லை. மாமா நண்டுக்கூடையில் போய் இறங்கினார். விழுந்த காயத்தைவிட நண்டு கடித்த காயம்தான் அதிகம்.

அன்று சாயங்காலமே கோயிலுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. தலைவர் கட்டுப்பாடு விதித்தார். பாலத்தின் இறக்கத்தில் இனி யாரும் சைக்கிளில் உட்கார்ந்து வரக்கூடாது. பெரியவர்கள் உச்சியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். பிள்ளைகள் பாலத்துக்குச் சைக்கிளே கொண்டுபோகக் கூடாது. ஏனென்றால், பிள்ளைகள் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றுதான் சொல்லும், நம் தலை மறைந்ததும் ஏறிக்கொள்ளும் என்றார் தலைவர். அவர் எங்களைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தார்.

ஊருக்கு அது ஒரு கட்டுப்பாடு, அவ்வளவுதான். எனக்கு அதில் படிப்பே அடங்கியிருந்தது. எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க வேண்டுமானால் பாலத்தைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். நான் அப்போது எட்டாவது முடிக்கிற சமயம். எனக்கு முன்னால் எங்கள் தெருவில் எட்டாவது முடித்த பெண்கள் எல்லோரும் இறால் உரிக்கப் போய்விட்டார்கள். தோணிரேவு என்ற பக்கத்து ஊரில் இருந்த பெரியம்மா மகள், தனக்கு ப்ளஸ் ஒன்னில் கிடைத்த இலவச சைக்கிளைப் படிப்பு முடிந்ததும் எனக்குக் கொடுத்திருந்தாள். அதை வைத்துத்தான் அம்மாவிடம் சம்மதம் வாங்கியிருந்தேன். சவுக்குத் தோப்பு வழியாக அவ்வளவு தூரம் பெண்பிள்ளை தனியாக நடக்கக் கூடாது, சைக்கிள் என்றால் போகலாம் என்பது அம்மாவின் கணக்கு. கட்டுப்பாடு வந்த அன்று அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே தீர்ப்பையும் சொல்லிவிட்டாள்.

"சைக்கிள் இல்லன்னா ஸ்கூலும் இல்ல. மே மாசத்துலேர்ந்து எறா உரிக்கப் போ."

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். நைனா, என் அப்பா, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நைனா பேசாத மனிதர். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே ஒரு 'ம்'தான். எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று அன்று அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மாமாவுக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தன்னால்தானே மருமகள் படிப்பு போகிறது என்று காயம்பட்ட கையில் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். என் சைக்கிளைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய்ப் புது பிரேக் போட்டு வந்தார். தலைவரிடம் ஓட்டியும் காட்டினார். தலைவர் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். "கம்பிய நம்பிப் புள்ளைங்கள வுட முடியாதுபா. உப்புக் காத்து துன்னாத கம்பி எங்கனா கீதா?"

மாமா அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டார். கம்பிதானே அறும், கயிறு அறுமா? படகை நிறுத்த நாம் என்ன பிரேக்கா பிடிக்கிறோம்? இரண்டு நாள் யோசித்துவிட்டு, சின்னத் தோணியின் நங்கூரத்தைக் கயிற்றில் கட்டி, தன் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்தபடி பாலத்தில் இறங்கினார். இதை மீனவனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது மகா புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. பாலத்தின் துண்டுகளுக்கு நடுவே இரும்புச் சந்துகள் இருக்கின்றன. நங்கூரம் அதில் ஒன்றில் போய் மாட்டியது. சைக்கிள் நின்றது. மாமா நிற்கவில்லை.

மறுநாள் இன்னொரு கையிலும் கட்டோடு வந்தார். முகத்தில் மட்டும் சந்தோஷம். "பிடிக்கக் கூடாது கண்ணு. இழுக்கணும். அதான் தப்பு" என்றார். இந்த முறை நங்கூரத்துக்குப் பதில் பழைய ஸ்கூட்டர் டயர். ஒற்றைக் கயிற்றில் கட்டினால் டயர் பக்கவாட்டில் அலைகிறது என்று, வலையை இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுப்பதுபோல் கேரியரின் இரண்டு முனையிலிருந்தும் கயிறு கட்டினார். ஏறும்போது டயர் கேரியரில் இருக்கும். உச்சியில் இறங்கி அதைத் தரையில் போட வேண்டும். பிறகு ஏறி உட்கார்ந்தால், டயர் தாரில் உரசிக்கொண்டே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். மாமா மூன்று முறை இறங்கிப் பார்த்தார். மூன்று முறையும் உடம்பில் புதிதாகக் கட்டு எதுவும் கூடவில்லை.

மறுபடி கூட்டம். பிரேக் என்று சொன்னபோது முகம் சுளித்தவர்கள் கயிறு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கயிறு எத்தனை பாகம் நீளம், என்ன முடிச்சு, நனைந்தால் டயர் வழுக்காதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மாமா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். கடைசியில் தலைவர் கையைத் தூக்கினார்.

"யாருக்காகக் கேக்கறியோ, அவளே ஓட்டட்டும். கீழ ஒரு கோடு போடறேன். கோட்டுக்கு இந்தாண்ட நின்னா புள்ளைங்க போலாம். தாண்டிட்டா, இனிமே இந்தப் பேச்சே வோணாம்."

அம்மா மறுத்துவிடுவாள், விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவும் ஏமாற்றவில்லை. மாமாவைப் பார்த்து, எம் பொண்ணு இன்னா உனுக்குத் தூண்டில் எரையா என்று ஆரம்பித்து, கூட்டம் கலைந்து வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. நான் ஓட்டுவேன் என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. மறுபடியும் ஓட்டுவேன் என்றேன். இரண்டாவது விழுவதற்குள் நைனா வாய் திறந்தார்.

"ஓட்டட்டும்."

அம்மா ஓங்கிய கையை இறக்கிவிட்டாள். எனக்குத்தான் சப்பென்று இருந்தது. பெற்ற மகள் பாலத்திலிருந்து உருளப் போகிறாள், அதற்கு இவ்வளவுதானா?

சனிக்கிழமை காலை, கடலுக்குப் போனவர்கள் போக மீதிக் குப்பமே பாலத்தடியில் நின்றது. கோயில் கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. டீக்கடைக்கு எதிரில் தலைவர் சுண்ணாம்பால் ரோட்டின் குறுக்கே கோடு போட்டிருந்தார். டயர்தான் நிறுத்த வேண்டும் என்று என் சைக்கிளின் புது பிரேக்கையும் கழற்ற வைத்துவிட்டார். கடல் குளம்போல் கிடந்தது. படகெல்லாம் விடியும் முன்பே போய்விட்டன. எங்கள் படகு மட்டும் கரையில் கிடந்தது. உச்சியில் நின்று பார்த்தபோது அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு மறந்தும் போனேன். அதைவிட எரிச்சலூட்டும் காட்சி ஒன்று கோட்டுக்கு அப்பால் இருந்தது. நைனாவும் அவரோடு கடலுக்குப் போகிற மூன்று பேரும், இருக்கிற இடமெல்லாம் விட்டுவிட்டு, ரோட்டின் மேலேயே குறுக்காக வலையை விரித்துப் போட்டு இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு பேராகக் குந்தியிருந்தார்கள். ஆட்டோக்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. இன்றைக்குத்தான் வலைக் கிழிசல் பார்க்க வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமா டயரை இறக்கிப் போட்டு முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "மிதிக்காத. கால வெச்சிக்கினு சும்மா குந்து. அது கூட்டிக்கினு போவும்" என்றார். சொல்லிவிட்டு முடிச்சை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். எனக்குப் பயமே இல்லை என்று சொல்ல ஆசைதான்.

சைக்கிள் முதலில் நகரவே இல்லை. பிறகு மெல்ல, மனசில்லாமல் கிளம்பியது. ஏரிக் காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது. பின்னால் டயர் கர்ரென்று உரசிக்கொண்டு வந்தது. முதல் இரும்புச் சந்தில் அது எம்பிக் குதித்தபோது உயிரே போய்விட்டது. அதன்பிறகு வேகம் கூடியது. ஆனால் ஓர் அளவோடு நின்றது, அதற்குமேல் கூடவில்லை. அதுதான் அந்தக் கணம். வண்டி என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை, நான்தான் வண்டியை இறக்கிக்கொண்டு போகிறேன் என்று தெரிந்த கணம். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பரீட்சையில் தேறியிருக்கிறேன், அந்தச் சந்தோஷம் எதிலும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஏரி, நடுவில் நான். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கீழே ஊரே திருப்பிக் கத்தியது. சமதளம் வந்ததும் டயரின் இழுப்பு ஜெயித்தது. சைக்கிள் தள்ளாடித் தள்ளாடிக் கோட்டை நோக்கிப் போய், நின்றுவிட்டது.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். முன் சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே கையை வைத்து அளந்தார். ஒரு ஜாண் இருந்தது. எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நின்னுட்ச்சிபா. டயர் கட்டன புள்ளைங்க போலாம்" என்றார். அவ்வளவுதான், யார் தூக்கினார்கள் என்று தெரியாது, நான் எல்லோர் தலைக்கும் மேலே இருந்தேன். இரண்டு கட்டுக் கைகளையும் தூக்கிக்கொண்டு மாமா உச்சியிலிருந்து ஓடி வந்தார். அம்மா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து முதுகில் ஓர் அறை வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள்.

கீழே விட்டதும் நான் நைனாவிடம்தான் ஓடினேன். பார்த்தியா நைனா என்று கேட்டேன். அவர் குந்திய இடத்திலேயே இருந்தார். வலையின் மேல்கயிறு அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அதைப் பொறுமையாகப் பிரித்துக்கொண்டே, "ம்" என்றார். பிறகு நாலு பேருமாக வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரைப்பக்கம் போய்விட்டார்கள். ஒரு கண்ணியைக்கூட அவர்கள் பின்னியதாகத் தெரியவில்லை.

ஜூன் மாதம் பதினோரு பிள்ளைகள், பதினோரு டயர். காலையில் நாங்கள் பாலத்தில் இறங்குகிற சத்தம் பழவேற்காடு வரைக்கும் கேட்கும். டயர் கோஷ்டி வருது என்று டவுன் பையன்கள் கேலி செய்வார்கள். நாங்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு போவோம். ஒன்பதாவது, பத்தாவது, ப்ளஸ் டூ என்று அந்த டயரை இழுத்தபடியே போய், சென்னையில் ஒரு கல்லூரி விடுதியில் சேர்ந்தேன்.

விடுதியில் இந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். மாமா நண்டுக்கூடையில் விழுந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், நான் கோட்டுக்கு முன்னால் நின்ற இடத்தில் கை தட்டுவார்கள். கடைசியில் நைனாவைப் பற்றிய குறையையும் சேர்த்துக்கொள்வேன். ஊரே கொண்டாடுகிறது, அவருக்கு வலை பெரிதாகப் போய்விட்டது பாருங்கள் என்று. ஒருநாள் நாகப்பட்டினம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "உங்க அப்பா கயித்த எப்படிப் புடிச்சிருந்தாரு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் என் துப்பட்டாவை எடுத்து மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக் காட்டினேன். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

எந்தக் குப்பத்திலும் கயிற்றைக் கையில் சுற்ற மாட்டார்கள். நடக்கத் தெரிந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. கடல் ஒரே இழுப்பாக இழுத்தால் வலையை விட்டுவிட வேண்டும், சுற்றியிருந்தால் கையும் சேர்ந்து போகும். எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவர் நைனாதான். கோட்டுக்கு அப்பால் ரோட்டின் குறுக்கே கிடந்த அந்த வலை எதற்கு என்று, ஒரு நல்ல கடல் நாளை விட்டுவிட்டு நாலு ஆண்கள் அங்கே ஏன் குந்தியிருந்தார்கள் என்று, பதின்மூன்று வயதில் நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த வலை எழுந்திருக்கும். விட வேண்டிவரும் என்றுதான் கயிற்றைச் சுற்றாமல் பிடிப்பது. அன்றைக்கு நைனா விடுவதாக இல்லை.