மழையில்லாமல் நுரைத்த கிணறு

திருவான்மியூரில் நாங்கள் கட்டிய வீட்டில் பூசாத செங்கல் சுவர், சோலார், மொட்டை மாடி மழைநீரைக் கிணற்றில் இறக்கும் குழாய் என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம். பட்ஜெட் எகிறியதால் வாஷிங் மெஷினுக்குத் தனி இடம் கட்டாமல், மாடியிலேயே தகரம் போட்டு வைத்துவிட்டேன்.

குடிவந்த இரண்டாம் மாதம் கிணற்றுத் தண்ணீர் நுரைத்தது. மகளுக்குக் கையெல்லாம் அரிப்பு. இரண்டு நாள் தெளிந்திருக்கும், மறுபடி நுரைக்கும். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பக்கத்து வீட்டுச் சாக்கடைதான் கசிகிறது என்று அவர்களிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

கடைசியில் பிளம்பரை அழைத்தோம். கிணற்றை எட்டிப் பார்த்தவர், "இன்னாம்மா இது, வெயிலு கொளுத்துது, மழை பைப்புல தண்ணி கொட்டிக்கினு கீது?" என்றார்.

மாடியில் அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சோப்புத் தண்ணீரை மாடித் தரையில்தான் விட்டிருந்தேன்.

கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தோம். மெஷினைக் கீழே இறக்கிச் சாக்கடைக் குழாயில் இணைத்தோம். மாடியில் இப்போது ஒரு வாளித் தண்ணீர் கொட்டவும் யோசிக்கிறேன்.

பக்கத்து வீட்டில் மன்னிப்புக் கேட்கப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா உடனே மாடிக்கு ஓடினார். அவர்கள் மெஷினும் அங்கேதான் இருக்கிறதாம்.