பதினாலு ரீலும் என் தொட்டியும்

காயலான் கடைக்காரனுக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் எடைதான். என்னைப் போல வாய் வலிக்கப் பேரம் பேசி வயிறு வளர்க்கும் அண்ணன்மார்களுக்கு இது தெரியும். அந்தக் காலத்து நடிகர் ஒருவர் சொந்தமாக எடுத்த ஒரே படம், அதில் மிஞ்சிய ஒரே பிரதி, புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் என் தராசில் ஏறியதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

ஏமாளி

மூடிக்கிடந்த கொட்டகையின் பழைய ஆபரேட்டர் பதினாலு தகர டப்பாக்களோடு வந்தார். கறுப்பு வெள்ளைச் சுருளை மருந்துத் தொட்டியில் ஊறப்போட்டால் படம் கழன்றுவிடும், அடியில் வெள்ளி நிற்கும். நான் வாங்குவது அதற்குத்தான். "புளிச்ச வாடை அடிக்குது, பாதி விலைதான்" என்று கத்தினேன். அவர் அசரவில்லை. என்ன படம் என்று கேட்டதற்குத்தான் சிரித்தார்.

"வில்லனா நடிச்சு சம்பாதிச்சத எல்லாம், நல்லவனா நடிக்க ஆசப்பட்டு இந்த ஒரே படத்துல விட்டாருப்பா அந்த மனுசன். ஒரு வாரங்கூட ஓடல. எட போட்டுக்க."

கடைசி வரை பார்த்தவர்

மேலே இருந்த நான்கு டப்பாவை அன்றைக்கே தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கும் வயதான அக்கா ஒருவர் உடைந்த படகு மோட்டாரை விற்க வந்தார். மிச்ச டப்பாக்களின்மேல் கட்டியிருந்த நோட்டீசில் நடிகரின் முகத்தைப் பார்த்ததும், என்னைத் திட்டிக்கொண்டிருந்ததையே நிறுத்திவிட்டார். சின்ன வயதில் பார்த்த படமாம். நல்லா இருந்துச்சாக்கா என்றேன்.

"எங்கடா படத்தப் பாத்தேன்? இவன் எப்ப அந்தப் பொண்ணு கழுத்த நெரிப்பானோன்னு கடைசி வரைக்கும் பயந்துக்கினே உக்காந்திருந்தேன். பாவி, நெரிக்கவேயில்ல!"

பேரம் பேசாதவர்

ஆபரேட்டர் சொல்லி, நடிகரின் மகளே சென்னையிலிருந்து தேடி வந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர். வீட்டை விற்று அப்பா எடுத்த படம், சிறு பிள்ளையாகப் பார்த்தது, வேறு எங்கேயும் பிரதி இல்லை என்றார். கரைந்துபோன நான்கைப் பற்றி மூச்சு விடாமல் வாய்க்கு வந்த விலையைச் சொன்னேன். எப்படியும் விலையை அடித்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் கைப்பையைத் திறந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேரம் பேசாத ஆளிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. "என்னம்மா நீங்க, எண்ணிப் பாக்க மாட்டீங்களா? கடைசி நாலு ரீல் இல்ல. நான்தான் கரைச்சுட்டேன்!" என்று அவர்மேலேயே பாய்ந்தேன்.

மூடிகளில் எழுதியிருந்த எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். விரல் பத்தில் நின்றது. சும்மா நிற்கமுடியாமல் நான் தராசைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இதுக்கப்புறம்தாங்க படத்துல அப்பாவுக்குக் குண்டடி படும். நெசத்துல அவர் என் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, அப்படியும் நான் அழுத அழுகையில பாதியிலயே வெளிய தூக்கிட்டு வந்துட்டாரு. நான் பாத்தது இவ்வளவுதான், எனக்கு இது போதும்."

அவர் சொன்னது உண்மையா, இல்லை அப்பாவைவிட நன்றாக நடித்தாரா என்று தெரியாமல், இப்போதெல்லாம் எந்தச் சுருள் வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தொட்டி காய்ந்து கிடக்கிறது.