பின்பக்கத்து இடது கதவு

இறந்துபோன அப்பா சிரமமில்லாமல் ஏறட்டும் என்று கார் கதவுக் கீலுக்குப் புது பின் போட்டவன் நான். இப்படி எழுதினால் மூளை கலங்கியவன் என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் கடைசியில், அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் வீட்டில், அதைவிட நியாயமான வேலை வேறு இல்லை என்றுதான் தோன்றியது.

அப்பா ஒரு பழைய அம்பாசடரை வாடகைக்கு ஓட்டியவர். ஊரில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யாரைப் பாம்பு கடித்தாலும் எங்கள் கார்தான் போகும். அப்படிப்பட்டவருக்கே ஒருநாள் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதன் பிறகு வேலை நேரம் போக வண்டியை நான் ஓட்டினேன், அவர் பின் சீட்டுக்குப் போனார். இடது கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, மொத்த உடம்பையும் அதில் தொங்கவிட்டு, வராத காலை உள்ளே இழுத்துப் போடுவார். யாராவது தாங்கிப் பிடிக்கப் போனால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் இன்னா மூட்டையா?" என்பார்.

கதவும் எவ்வளவுதான் தாங்கும்? கீலுக்குள் இருக்கும் பின் தேய்ந்து, கதவு ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. திறந்தால் கிறீச்சென்று கத்தும். சாத்தும்போது கையால் தூக்கிப் பிடித்து அடித்தால்தான் பூட்டு கவ்வும், அந்தத் 'தொம்' தெருக்கோடி வரை கேட்கும். சரி பண்ணிவிடலாம் என்றால், "தூக்கி சாத்துனா சாத்திக்குது, வுடு" என்பார். தன் வண்டியை வேறொருவன் கழற்றுவது அவருக்குப் பிடிக்காது.

இரண்டாம் முறை அவருக்கு வாதம் வந்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், தொழிற்சாலை வேலையில் இருந்தேன். நல்ல உச்சி வெயில். அம்மா ஓடிப்போய் எதிர்வீட்டு டிரைவரை அழைத்து வந்திருக்கிறார். அப்பா வழக்கம்போலக் கதவைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். கதவு அவர் பாரத்தோடு சடக்கென்று இறங்க, பிடி நழுவிக் கீழே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் அவரைத் தூக்கி உள்ளே போடுவதற்குள், தூக்கிச் சாத்தும் சூட்சுமம் தெரியாத டிரைவர் அந்தக் கதவோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள், எல்லாம் முடிந்துவிட்டது. கார் கொட்டகையை விட்டு நகரவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு அந்தச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் கேட்டவள் என் மனைவி. மத்தியானம் தெரு முழுக்க உறங்கும் நேரத்தில், கொட்டகைப் பக்கம் கிறீச்சென்று கதவு திறக்குமாம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காதாம். பிறகு 'தொம்'.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சொல்லுவாங்க. உனக்குப் பட்டப்பகல்லயே வருதா?" என்று கேலி செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஏற முடியாம பூட்டாரு இல்ல? இன்னும் ஏறப் பாக்குறாருங்க" என்றாள்.

அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். பயந்த கண்ணோடு அவள் சொன்னதற்குப் பிறகு நான் கேலி செய்வதை விட்டேன். அடுத்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட், மத்தியானம் வீட்டில் இருந்தேன். நானும் கேட்டேன். திறந்த சத்தம் பெரிதாக என்னை உலுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் உலுக்கியது. உள்ளே ஒருவர் உட்கார்ந்து, வண்டி கிளம்பட்டும் என்று காத்திருப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு கதவைத் தூக்கிப் பிடித்து அடித்த சத்தம். அந்தச் சூட்சுமம் எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். செத்தவர் போகும் வழியில் குறுக்கே நிற்கக்கூடாது, நின்றால் அவர் இங்கேயே தங்கிவிடுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மாவிடம் கேட்கலாம் என்றால், மத்தியானம் பின்கட்டில் படுத்துக்கொள்பவரை எழுப்ப மனம் வரவில்லை. மாலையில் சொன்னபோது அவர் மறுத்தும் பேசவில்லை, அழவும் இல்லை. "அப்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவரைத் தடுப்பது கதவுதானே? கதவைச் சரி செய்துவிட்டால் ஏறிப் போய்விடுவார் அல்லவா?

பூந்தமல்லி போகும் வழியில், கார் தகடு வேலை செய்யும் ஒரு டிங்கர் கடை இருந்தது. டிங்கர் என் வயதுக்காரர். கதவின் அடியில் கட்டை வைத்து ஜாக்கியால் முட்டுக்கொடுத்தார். பழைய பின்னைச் சுத்தியால் தட்டி இறக்கினார். அது நடுவில் இடுப்பு சிறுத்துப் போயிருந்தது. பின் உட்கார்ந்து சுற்றும் பித்தளை வளையமான புஷ் நொறுங்கித் தூளாக உதிர்ந்தது. புது புஷ் அடித்து, புது பின் இறக்கி, கிரீஸ் வைத்து, கதவை ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் போய்ப் பொருந்தியது. யாருக்காக என்று நான் அவரிடம் சொல்லவில்லை. திரும்பும் வழியில், பின்னால் பார்க்காமல், "ஏறிப் போயிடுங்கப்பா" என்று வாய்விட்டே சொன்னேன்.

அன்றோடு சத்தம் நின்றது. மனைவி மறுபடி மத்தியானத்தில் தூங்கினாள். வடை பாயசத்தோடு அப்பாவுக்குப் படைத்தோம். அம்மா மட்டும் இலையில் பாதியைத் தொடாமல் எழுந்தார்.

பொங்கலுக்கு வண்டியைக் கழுவும்போதுதான் கவனித்தேன். பின்பக்கத்து இடது கதவு மறுபடி இறங்கியிருந்தது. வருஷம் திரும்பும்வரை அப்பா இடத்தில் யாரும் உட்காரக்கூடாது என்று நாங்கள் அந்தக் கதவைத் தொடுவதே இல்லை. அப்படியானால் அவர் போகவில்லை. தினமும் வந்திருக்கிறார். கதவு சத்தம் போடாததால் எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மனைவியிடம் மூச்சு விடாமல் வண்டியை டிங்கரிடம் கொண்டுபோனேன். அவர் பின்னையும் புஷ்ஷையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னா அண்ணாத்தே, புது புஷ்ஷ இப்டி பண்ணிக்கினு வந்துகீற? தெனம் யாரு கதவுல தொங்குறது?"

"யாரும் இல்லப்பா. அந்தக் கதவ நாங்க தொறக்கறதே இல்ல."

"யாரும் இல்லாமயா ஓட்டை முட்டை மாதிரி நீண்டுகீது? தொட்டுப் பாரு. ஒரே பக்கம் தேஞ்சுகீது. நல்ல கனம் தொங்குனாதான் இப்டி ஆவும்."

கனம் என்ற சொல் என்னை விடவில்லை. அப்பாவை ஒரு சட்டிச் சாம்பலாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் கரைத்தவன் நான். அந்தச் சட்டி எவ்வளவு லேசாக இருந்தது என்று என் கைக்குத் தெரியும். அவருக்கு ஏது கனம்?

மறுநாள் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி, பாதி வழியில் நின்றுவிட்டு மத்தியானம் திரும்பி வந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. ஏரித் தண்ணீரில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. கொட்டகைக்குள் எந்தச் சத்தமும் இல்லை, ஆனால் வண்டியின் அந்தப் பக்கம் கதவு திறந்திருந்தது. கதவின் மேல்விளிம்பில் ஒரு கை. ஒரு இடது கை. நான்கு விரலும் உள்பக்கம் மடங்கி, அப்பா பிடித்த அதே இடத்தில், அதே பிடி. கும்பிட்டபடி, வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

அம்மா தொங்கிக்கொண்டிருந்தார். பாதி உடம்பு உள்ளே, வலது கால் வெளியே மண்ணில் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"இன்னைக்குக் காலு வரல நைனா" என்றார் என்னைப் பார்த்து, குழறிய பேச்சில். "நேத்து வரைக்கும் ஏறுனேன்."

தூக்கி உள்ளே கிடத்தினேன். கதவை எப்படிச் சாத்தினேன் என்று நினைவில்லை. மனைவி மடியில் அம்மாவின் தலையை வைத்துக்கொள்ள, அந்த வண்டியை அப்படி ஒரு வேகத்தில் நான் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர்.

பேச்சு கொஞ்சம் தெளிந்த பிறகு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். அப்பா இறந்த மாதத்திலேயே வலது கை மரத்துப்போக ஆரம்பித்ததாம்.

"எனக்கும் அதே மாரி வந்தா, என்னையும் தூக்கத் தெரியாம நிப்பீங்க. அதான் நானே ஏறிப் பழகிக்கினேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நாங்க அப்பான்னு நெனச்சு எப்டி நடுங்கிக்கினு இருந்தோம்? நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

அம்மா விளங்காத கையை நல்ல கையால் எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் தெனம் அவரு வந்தாரு, கதவ தொறந்தாரு, ஏறி குந்துனாருன்னு பேசிக்கினீங்க. கேக்க நல்லா இருந்துச்சு, நைனா."