இறக்கையில் இறங்கிய கொக்கி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு காலை. ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த எங்களை மேஸ்திரி வேறு வேலைக்கு இழுத்துப் போனார். ஒரு போர்க்கப்பல் வந்திருந்தது. அதிலிருந்த கடல் விமானத்தைக் கிரேனில் தூக்கிக் கரையில் இறக்க வேண்டும்.

சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு இரண்டு மிதவைகள். மரச்சட்டத்தில் துணி போர்த்திய இறக்கைகள், மேலும் கீழுமாக இரண்டடுக்கு. வயிற்றடியில் டார்பிடோ என்ற நீர்மூழ்கி வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு பறந்து போய், எதிரிக் கப்பலுக்கு நேராகத் தண்ணீரில் போட்டுவிடுமாம். மத்தியானம் இரண்டு வெள்ளைக்காரர்கள் அதில் ஏறிப் பறந்து காட்டப் போவதாக மேஸ்திரி சொன்னார். ஆள் நீளத்துக்கு மேல் உருண்டு திரண்ட அந்த டார்பிடோவும் பக்கத்திலேயே கிடந்தது.

"இந்தச் சுருட்டைப் பிடிக்க எவனுக்குப்பா வாய் இருக்கு?" என்றார் என் மச்சான். என் தங்கையைக் கட்டியவர். எல்லோரும் சிரித்தோம், மேஸ்திரியைத் தவிர.

விமானம் அந்தரத்தில் தொங்கியபோது ஆற்றுக்காற்று அதைத் திருப்பிவிட்டது. இறக்கை கப்பல்துறை மேடையின் தூணை நோக்கி வந்தது. தொங்கும் மூட்டை ஆடினால் கைக்கொக்கியை மாட்டி இழுத்து நிறுத்துவோம். தினமும் செய்கிற காரியம், என் கை யோசிக்கவே இல்லை. கொக்கி துணிக்குள் இறங்கியது. விமானம் தூணில் மோதாமல் நின்றது. ஆனால் கீழ் இறக்கையின் அடிப்பக்கம் ஒரு சாண் கிழிந்துவிட்டது.

மற்றவர்கள் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மட்டும் பார்த்தார்.

"வாயத் தொறக்காத. எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? உன் வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா."

மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பாயில் சின்னக் கிழிசல் விழுந்த படகு காற்றில் என்ன பாடு படும் என்று இந்த ஆற்றில் பார்த்தவன் நான். அந்த வெள்ளைக்காரர்கள் எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் எழுந்து போய் மேஸ்திரிக்குக் கிழிசலைக் காட்டினேன்.

அவர் ஓடிப்போய்க் கூட்டிவந்த கப்பல் துரையின் முகம் சிவந்துபோனது. "யாரு கொக்கிடா?" என்று மேஸ்திரி கத்தினார்.

நான் என் கொக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"என்னுதுங்க" என்று மச்சான் முன்னால் வந்து நின்றார்.

கிழிசலைக் காட்ட இருந்த தைரியம் கொக்கியைச் சொல்ல இல்லை. இதை எப்படி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

தையல் போட்டு, மேலே துணி ஒட்டி, மறுநாள் விமானம் பறந்தது. டார்பிடோவைப் போட்டுவிட்டுப் பத்திரமாகத் தண்ணீரில் இறங்கியது. கரையெல்லாம் கைதட்டல். நானும் தட்டினேன். மச்சானை அதற்குள் துறைமுகத்திலிருந்தே விரட்டியிருந்தார்கள். ரங்கூனுக்கு வெளியே இன்சீன் ரயில்வே பட்டறை வரை போய் வேலை கேட்டுப் பார்த்தார். துரையின் விமானத்தைக் கிழித்தவன் என்ற பேர் அவருக்கு முன்னால் போயிருந்தது.

பதினைந்து நாளில் அவரும் தங்கையும் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். மச்சான் தங்கையிடம் உண்மையைச் சொல்லவில்லை. வழியனுப்பப் போன என்னையும் சொல்ல வேண்டாமென்று கண்ணாலேயே தடுத்தார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மனுசனுக்குத்தான் கவனம் பத்தல, அண்ணே. நீயாச்சும் வேலைய ஒழுங்காப் பாரு."

"சரிம்மா" என்றேன்.